மதுரைச் சீமைக் கிறிஸ்தவக் கணவன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய சகோதரர்களே,

வைகையின் இரு கரைகளிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று நகரைச் சூழ்ந்து கிடக்கும் சமவெளி ஊர்களிலும், பேராலயத்தின் பீடத்துக்கு முன் நின்றோ, பத்துக் குடும்பங்கள் மட்டுமே கூடும் சிற்றாலயத்தின் சாணம் மெழுகிய தரையில் நின்றோ, கர்த்தருடைய நாமத்தினாலே ஒரு பெண்ணின் கழுத்தில் தாலியைக் கட்டி, ஆயுள்பரியந்தம் அவளுக்கு உண்மையாயிருப்பதாகப் பிரமாணம் செய்துகொண்ட உங்களுக்கு இம்மடலை எழுதுகிறேன். மனைவிமார்களையும் சேர்த்து ஏன் விளிக்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குப் போதிக்க நம்மிடையே ஆளுக்குப் பஞ்சம் ஒருநாளும் இருந்ததில்லை. பிறந்த வீட்டில் பாட்டியும், புகுந்த வீட்டில் மாமியாரும், பிரசங்க பீடத்தில் குருவானவரும், தெருவில் கண்டவர் நின்றவர் எல்லோரும் அவ்வேலையைக் குறைவறச் செய்துவந்திருக்கிறார்கள். உங்களுக்கோ, ஆண்பிள்ளை சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான் என்ற பழமொழி ஒன்றையே நம் முன்னோர் போதனையாக விட்டுச் சென்றார்கள். அதை வேதவாக்கியம்போல நீங்களும் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். வேதாகமத்தில் அவ்வாக்கியம் எங்கும் இல்லை என்பதையும், அதற்கு நேர் விரோதமானவை பல உண்டு என்பதையும், அவற்றுள் ஒன்றன் பொருட்டு நம்முடைய இந்தப் பூமியிலேயே ஒரு மனிதர் தலை கொடுத்தார் என்பதையும் உங்களுக்கு ஞாபகப்படுத்துவதே என் நோக்கம்.

அந்தச் சரித்திரத்திலிருந்தே தொடங்குகிறேன். ராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து வேரூன்றச் செய்த மதுரை மிஷனில், அவருக்கு இரண்டு தலைமுறை பிந்தி வந்து சேர்ந்தவர் ஜான் தெ பிரிட்டோ. 1647இல் லிஸ்பன் நகரத்து உயர்குடியொன்றில் பிறந்து, போர்த்துகல் அரண்மனையில் இளவரசர்களோடு வளர்ந்து, அந்தச் சுகங்களையெல்லாம் உதறிவிட்டு 1673இல் கோவாவில் கரையிறங்கிய அவர், பண்டார சுவாமியின் கோலம் பூண்டு, அருளானந்தர் என்னும் தமிழ்ப்பெயர் ஏற்று, மரக்கறி உணவும் தரைப்படுக்கையுமாக இந்நாட்டுப் புழுதியில் நடந்து திரிந்தார். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைகளுக்கு உள்ளானபோது, இராமநாதபுரத்து இரகுநாத கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இனி இந்தச் சீமையில் போதிக்கலாகாது என்ற எச்சரிக்கையோடு உயிரோடே விடுவித்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்ததற்காகவும், அந்நிய தேசத்தார் என்பதற்காகவும், வேறொரு தெய்வத்தைப் பிரசங்கித்ததற்காகவும் அன்று அவருடைய தலை போகவில்லை. மிஷனின் காரியமாக ஐரோப்பா சென்று, அங்கே மன்னர் தம்மை இருத்திக்கொள்ள விரும்பியும் இணங்காமல், 1690இல் அவர் மீண்டு வந்தார். அவருடைய தலை போனது அதற்குப் பிறகு, ஒரு குடும்பஸ்தனின் விவாக விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்க மறுத்தபோதுதான்.

சேதுபதியின் குலத்தைச் சேர்ந்தவரும், அந்தச் சிம்மாசனத்துக்கே பாத்தியதை கோரத்தக்கவருமான தடியத்தேவர் என்னும் சிற்றரசர் கொடிய நோயில் விழுந்து, உபதேசியார் ஒருவரின் பிரார்த்தனையால் குணமடைந்து, தமக்கும் ஞானஸ்நானம் வேண்டுமென்று அருளானந்தரிடம் விண்ணப்பித்துக்கொண்டார். தடியத்தேவருக்கோ, அக்காலத்துப் பிரபுக்கள் எல்லோருக்கும்போல, மனைவியர் பலர். முதல் மனைவி ஒருத்தியோடு மாத்திரம் இல்லறம் நடத்துவதானால் ஞானஸ்நானம் உண்டு, இல்லையேல் இல்லை என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். ஒரு பிரபுவைச் சபையில் சேர்த்துக்கொண்டால் அவருடைய நிழலில் ஆயிரம் ஏழைகள் அச்சமின்றி வாழலாமே, ஆகையால் இந்த ஒரு நிபந்தனையில் சற்றே கண்ணை மூடிக்கொள்ளலாமே என்று எண்ணத்தக்க சந்தர்ப்பம் அது. நம் காலத்துச் சபைப் பெரியவர்களாயிருந்தால், சந்தாத் தொகையையும் ஆலயக் கட்டட நிதியையும் மனத்தில் கொண்டு, அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். தடியத்தேவர் நிபந்தனைக்கு உடன்பட்டார். 1693ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது.

விலக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதிக்குச் சகோதரியின் வயிற்றுப் பெண். கடலாயி என்பது அவள் பெயர் என்று சரிதைகள் குறிக்கின்றன. அவள் தன் மாமனிடம் போய் அழுதாள். பட்டத்துக்கு எந்நேரமும் போட்டியாகக் கிளம்பக்கூடிய ஒருவன் புதிய மார்க்கத்தில் சேர்ந்து புதிய ஆதரவாளரைத் தேடுகிறான் என்ற ராஜரீக அச்சமும் அந்த அழுகையோடு கலந்துகொண்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. சரித்திரத்தில் எந்தக் காரியமும் ஒற்றைக் காரணத்தால் நடப்பதில்லை. ஆயினும் வழக்கு மூண்டது விவாகத்தைப் பற்றியே. ஞானஸ்நானம் நடந்த சில தினங்களுக்குள் அருளானந்தர் பிடிக்கப்பட்டு, இராமநாதபுரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டு, பெப்ருவரி 4ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஏரோது ராஜாவின் தகாத விவாகத்தைக் கண்டித்ததற்காகத் தலையிழந்த ஸ்நானக யோவானின் பெயரையே ஞானஸ்நானத்தில் பெற்றிருந்த இவர், அவரைப் போலவே ஒரு பிரபுவின் மனைவியரைப் பற்றிய தர்க்கத்தில் மடிந்தது விசித்திரமான பொருத்தம்.

இன்று ஓரியூருக்கு யாத்திரை போகிறவர்கள் ஏராளம். 1947இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது; மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் எத்தனையோ ஆண்குழந்தைகளுக்குப் பிரிட்டோ என்றும் அருளானந்தன் என்றும் பெயர் வைத்திருக்கிறோம். அங்கே போய் நோய் தீர வேண்டுகிறோம், பிள்ளை வரம் கேட்கிறோம், அந்த இடத்துச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். ஆனால் அந்த மண்ணைக் கையில் எடுக்கும் கணவர்களுள், இது ஒரு புருஷன் ஒரே மனைவிக்கு உரியவன் என்று சொன்னதற்காகச் சிந்திய இரத்தத்தின் நினைவு என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? சின்ன வீட்டுக்குப் போய்வந்த காலோடு அந்தப் படியேறுகிறவர்களையும் அவ்வூர் கண்டிராமல் இராது.

கடலாயியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. புனிதரின் சரிதை எழுதியவர்கள் பெரும்பாலும் அவளை ஏரோதியாளின் ஸ்தானத்தில் வைத்துத் தூற்றிவிடுகிறார்கள். யாரோ ஒருவருடைய மனந்திரும்புதலின் விலையை, தன்னைக் கேளாமலே தன் தலையில் சுமத்திவிட்டதாக அந்தப் பெண் நினைத்திருந்தால் அதில் என்ன அதிசயம்? மற்ற மனைவியரைச் சகோதரிகளாகப் பாவித்துப் பராமரிப்பதாகத் தடியத்தேவர் உறுதி சொன்னார் என்று கூறுவர். அவ்வுறுதி அவளுடைய காயத்துக்குப் போதிய மருந்தாகவில்லை என்பது தெளிவு. முதல் விவாகப் பிரமாணத்துக்குப் பின் ஒரு புருஷன் வைத்துக்கொள்ளும் ஒவ்வோர் உறவும் ஒரு பெண்ணை அல்ல, இரண்டு பெண்களை வதைக்கிறது என்பதற்கு அவளே சாட்சி. அவளுடைய அழுகையை முன்கூட்டியே தடுத்திருக்கத்தக்கவர் ஒருவரே இருந்தார். அவர் அருளானந்தரும் அல்லர், சேதுபதியும் அல்லர். அந்தச் சேதுபதி 1710இல் காலமானபோது அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என்று மதுரைச் சீமையின் சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். பெண்ணின் பதிவிசுவாசத்துக்கு நெருப்பையே அளவுகோலாக வைத்திருந்த அதே நாட்டில், புருஷனின் விசுவாசத்துக்கு ஒரு சாண் அளவுகோல்கூட இல்லை.

இனி, வேதாகமம் சொல்வதைப் பார்ப்போம். மல்கியா தீர்க்கதரிசியின் இரண்டாம் அதிகாரத்தில், காணிக்கை கொண்டுவந்து பீடத்தை நிரப்பியும் கடவுள் தங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லையே என்று யூதர்கள் புலம்புகிறார்கள்; அதற்குக் காரணம், இளமையில் கைபிடித்த மனைவிக்கு அவர்கள் துரோகம் செய்ததே என்றும், அந்த விவாக உடன்படிக்கைக்குக் கடவுளே சாட்சியாக நின்றவர் என்றும் தீர்க்கதரிசி உரைக்கிறார். பீடத்தை மூடும் கண்ணீரையும் அவர் பேசுகிறார். இதை வாசிக்கும்போதெல்லாம், நம்முடைய அசனப் பண்டிகைகளில் முதல் வரிசையில் நின்று பரிமாறுகிறவர்களையும், புதிய மணிக்கூண்டுக்குத் தம் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்டவர்களையும், அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஓசையின்றி அழுகிற பெண்களையும் நான் நினையாதிருந்ததில்லை. தீர்க்கதரிசி அங்கே கண்டிப்பது கணவர்களை. மனைவியர்க்கு அவர் ஒரு வார்த்தைகூடப் புத்தி சொல்லவில்லை.

நீதிமொழிகளின் ஐந்தாம் அதிகாரம், தன் சொந்தக் கிணற்றின் நீரைக் குடிக்கும்படி வாலிபனுக்குச் சொல்கிறது. கோடையில் கண்மாய் வறண்டு, வைகையில் மணல் மாத்திரம் மிஞ்சும்போது, வீட்டுக் கொல்லைக் கிணற்றில் ஊறும் நீர் என்ன மதிப்புடையது என்பது நம் சீமையாருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்தக் கிணற்றையும் ஆண்டுதோறும் இறங்கித் தூர் வாரவேண்டும்; வாராமல் விட்டுவிட்டு, ஊற்று அடைந்துபோயிற்று, ஆகையால் அயலான் தோட்டத்துக்குப் போனேன் என்று சொல்லுகிறவனை எந்த விவசாயியும் மதிக்கமாட்டான். அவ்வதிகாரம் வெறும் விலக்குதலோடு நிற்காமல், தன் மனைவியின் அன்பிலேயே மயங்கிக் கிடக்கும்படி புருஷனுக்கு அனுமதியும் கட்டளையும் ஒருங்கே தருவதை நம் பிரசங்கிகள் கூச்சத்தினால் வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். இந்தப் புத்திமதிகளுக்குப் பெயர் சூட்டப்பெற்ற சாலொமோனோ எழுநூறு மனைவியரும் முந்நூறு மறுமனையாட்டிகளும் வைத்திருந்தான் என்பதை நீங்கள் சுட்டிக்காட்டுவீர்கள். வேதாகமமும் அதைச் சுட்டிக்காட்டுகிறது. அதே மூச்சில், அவர்களால் அவனுடைய இருதயம் வழுவிப்போயிற்று என்றும் எழுதிவைத்திருக்கிறது. ஞானம் சொல்லத் தெரிந்தவனுக்கு அதன்படி நடக்கத் தெரியாமற்போவது நேற்று இன்று ஏற்பட்ட வழக்கம் அன்று.

தாவீதின் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் பருவத்தில், தன் சேனையை மாத்திரம் அனுப்பிவிட்டுத் தான் அரண்மனையில் தங்கியது முதல் பிசகு. சாயங்காலத்தில் உப்பரிகைமேல் உலாவியது இரண்டாவது. கண்ட பின் விசாரித்தது மூன்றாவது. பத்சேபாளை அழைத்தனுப்புவதற்குள் அவன் பாதித் தூரத்துக்குமேல் விழுந்தாயிற்று. வேலை இல்லாத பொழுதும், தனிமையும், விசாரிப்பும் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசியாகக் குடியிருக்கின்றன. நள்ளிரவில் மனைவி உறங்கிய பின் அதில் தொடங்கும் சம்பாஷணை ஒவ்வொன்றும் ஓர் உப்பரிகை. போத்திபாரின் வீட்டில் யோசேப்பு தர்க்கம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை. மேலங்கியை விட்டுவிட்டு ஓடினான். இந்த விஷயத்தில் மாத்திரம் ஓடுவது கோழைத்தனம் ஆகாது.

என்னை மிகவும் ஆச்சரியப்படுத்துவது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரம். மனைவியின் சரீரத்தின்மேல் கணவனுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னால், அன்றைய கிரேக்கரும் ரோமரும், இன்றைய உசிலம்பட்டிச் சந்தையில் நிற்பவரும் தலையசைத்திருப்பார்கள். அதே வாக்கியத்தின் மறுபாதியாக, கணவனின் சரீரத்தின்மேல் அதிகாரம் மனைவிக்கே உரியது என்று அவர் எழுதியதே ஒருவரும் எதிர்பாராதது. சிறிது காலம் பிரிந்திருப்பதானாலும் இருவருடைய சம்மதத்தோடும் பிரார்த்தனைக்காகவும் மாத்திரமே ஆகலாம் என்று அவர் மேலும் சொல்லுகிறார். வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்புக்காகப் போய், ஆண்டுக்கு ஒருமுறை கிறிஸ்து பிறப்புக்கு மாத்திரம் வீடு திரும்புகிற சகோதரர்களே, உங்கள் வறுமையை நான் அறிவேன். உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. ஆனால் அந்தப் பிரிவை முடிவு செய்தபோது அவளையும் உட்காரவைத்துக் கேட்டீர்களா என்பதை மாத்திரம் நினைத்துப் பாருங்கள்.

ஆண்டவரே விவாக விலக்கைப் பற்றிப் பேசியபோது, மோசே கொடுத்த தள்ளுதற்சீட்டு உங்கள் இருதய கடினத்தினால் வந்தது என்று சொன்னார். அதைக் கேட்ட சீஷர்கள், காரியம் இப்படியானால் விவாகமே பண்ணாதிருப்பது நலம் என்று அங்கலாய்த்ததாக மத்தேயு எழுதுகிறார். ஆண்பிள்ளைகளின் உண்மையான எண்ணம் அவர்களை அறியாமலே வெளிப்பட்ட இடம் அது. விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயை அவரிடம் இழுத்துவந்தவர்களும், கூடப் பிடிபட்டிருக்கவேண்டிய ஆடவனை எங்கே விட்டுவந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. லேவியராகமத்தின்படி இருவருக்கும் ஒரே தண்டனை. நம்முடைய ஊர்களில் குடும்ப வழக்குகளைப் பேசித் தீர்க்கக் கூடும் பெரியவர்களோடு சில வேளைகளில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். வழக்கு மனைவியைப் பற்றியதானால் இரவு முழுவதும் நீளுகிற விசாரணை, கணவனைப் பற்றியதானால், போகட்டும் அம்மா, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்ற ஒரு வாக்கியத்தில் காபி வருவதற்கு முன்பே முடிந்துவிடும்.

பெரியவர்களை மாத்திரம் நோவானேன்? சட்டமே அப்படித்தான் இருந்தது. கிறிஸ்தவர்களுக்கென்று ஆங்கில அரசாங்கம் இயற்றிய 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டத்தில், மனைவி ஒருமுறை தவறினாள் என்று நிரூபித்தால் கணவனுக்கு விடுதலை கிடைக்கும்; மனைவியோ கணவனின் விபசாரத்தை நிரூபித்தால் போதாது, அதோடு கொடுமையையோ, இரண்டு ஆண்டுகள் கைவிட்டதையோ, அதுபோன்ற வேறொரு பாதகத்தையோ சேர்த்து நிரூபித்தாக வேண்டும். இந்தப் பட்சபாதம் 2001ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றத்தால் நீக்கப்பட்டது. 132 ஆண்டுகள்! மல்கியாவையும் பவுலையும் ஞாயிறுதோறும் வாசிக்கிற ஒரு சமுதாயம், அவ்விருவருக்கும் விரோதமான ஒரு சட்டத்தின்கீழ் நான்கு தலைமுறைக் காலம் வாழ்ந்தது.

நம் அயலாரின் நூல்களும் இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லத்தக்கவை. திருவள்ளுவர் பிறனில் விழையாமை என்று ஓர் அதிகாரத்தையே இல்லறத்தான்மேல் வைத்துப் பாடினார். மதுரை எரிந்த கதையைச் சொல்லும்போது கண்ணகியின் கற்பைப் போற்றாத நா இந்நகரத்தில் இல்லை. ஆனால் செல்வக் குடியில் பிறந்த ஒருவன், மனைவியின் ஒற்றைச் சிலம்பை விற்க இந்தக் கடைவீதியில் வந்து நிற்கும் நிலைக்கு எப்படித் தாழ்ந்தான், எவள் வீட்டில் எத்தனை காலம் கிடந்து அந்தச் செல்வத்தைத் தொலைத்தான் என்று யாரும் நின்று கேட்பதில்லை. பாண்டியனின் அநீதி ஒரு கணத்தில் நேர்ந்தது. கோவலனுடையது ஆண்டுக்கணக்கில் நடந்தது.

உண்மையாயிருத்தல் என்பது வேறொருத்தியை நாடாதிருப்பதோடு தீர்ந்துவிடுவதில்லை. 1726இல் வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றியபோது, 3615 பாடல்களுக்கும் நாயகனாக அவர் தெரிந்தெடுத்தது வாளேந்திய வீரனையோ முடிசூடிய மன்னனையோ அன்று. ஒரு தச்சரை, ஒரு கணவரை, சூசையப்பரை. நிச்சயிக்கப்பட்ட மனைவி கர்ப்பவதி என்று கண்டபோது, அவளை ஊராருக்கு முன் இழிவுபடுத்த மனமில்லாமல் இரகசியமாய் விலக நினைத்தவர் அவர். உண்மையை அறிந்த பின்னோ, அவளையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு அந்நிய தேசமாகிய எகிப்துவரை இரவோடிரவாக நடந்தவர். சந்தேகம் தோன்றியபோது முதற்கண் அவளுடைய மானத்தைக் காக்க நினைத்த அந்தத் தச்சரின் முன்னே, தொலைபேசி மணி அடித்தால் யார் என்று அதட்டுகிற, வேலைக்குப் போகும் மனைவியைப் பேருந்து நிறுத்தம்வரை வேவு பார்க்கிற, தான் போகும் இடத்தை மாத்திரம் ஒருநாளும் சொல்லாத கணவர்கள் தம்மைப் பதிவிரதன் என்று அழைத்துக்கொள்ளலாகாது.

ஏற்கெனவே தவறிவிட்டவர்களும் உங்களுள் இருப்பீர்கள். உங்களை நோக்கிக் கல்லெறிய நான் எழுதவில்லை. நாத்தான் தீர்க்கதரிசி ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி முடித்தபோது, தாவீது பழியைப் பெண்மேலோ விதிமேலோ வாலிபத்தின்மேலோ சுமத்தாமல், தன் குற்றத்தை ஒரே வாக்கியத்தில் ஒப்புக்கொண்டான். நீங்களும் அவ்வளவே செய்யுங்கள்: கூடுமானால் குருவானவரின் முன்னிலையில், மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள்; அவள் கோபித்தால் கோபிக்கவும், அழுதால் அழவும், மன்னிக்க நாளாகுமென்றால் நாளாகவும் விடுங்கள்; மன்னித்தே தீரவேண்டுமென்று வேதவசனத்தைக் காட்டி அவளை நெருக்காதீர்கள். அந்த மற்றப் பெண்ணையும், அவளிடத்தில் பிள்ளைகள் பிறந்திருந்தால் அவர்களையும், மனந்திரும்பிவிட்டேன் என்ற பெயரால் தெருவில் நிறுத்தாதீர்கள். கடலாயியின் அழுகை ஒன்று போதும். சபைப் பெரியவர்களாய் அமர்ந்திருக்கிறவர்களே, அடுத்த வழக்கு உங்கள் முன் வரும்போது கணவனை முதலில் விசாரியுங்கள்; மனைவியை விசாரிக்கும் அளவு நேரத்தை அவனுக்கும் ஒதுக்குங்கள். இவையெல்லாம் ஒரு நாளில் ஆகக்கூடியவை அல்ல என்று நினைக்கிறவர்கள், இன்று இரவு உறங்குவதற்கு முன் மல்கியாவின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து, உங்கள் மனைவியின் காது கேட்க உரக்க வாசியுங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்